ஒரு ஃபனேகா சோளம்

நியூ மெக்சிகோவின் ஸ்பானிய ஆட்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இரண்டு எண்கள் உறுத்துகின்றன. ஒன்று, 1590 டிசம்பர் கடைசி நாளில் பேக்கோஸ் என்ற புவேப்ளோ (அந்தப் பகுதியின் பழங்குடி விவசாய மக்கள்) ஊருக்குள் ஆயுதத்தோடு புகுந்த காஸ்தான்யோ டி சோசாவின் ஆட்கள் போட்ட மதிப்பு. அரச அனுமதியில்லாமல் வந்து பிறகு கைதானவர் அவர். அவருடைய ஆட்கள் வீடு வீடாகப் பார்த்து, அந்த ஒரே ஊரில் 30,000 ஃபனேகா (தானியம் அளக்கும் ஸ்பானிய அளவை) சோளம் இருக்கும் என்று ஒருமித்துச் சொன்னார்கள். மற்றொன்று, 1669 ஏப்ரலில் துறவி ஹுவான் பெர்னால் எழுதிய கடிதத்தில் வருகிறது. இந்த ராஜ்யம் முழுவதிலும் ஒரு ஃபனேகா சோளமோ கோதுமையோ இல்லை என்கிறார். இடையில் எழுபத்தெட்டு ஆண்டுகள். அதே நிலம், அதே மக்கள், அதே அளவை.

புவேப்ளோ ஊர்கள் ஸ்பானியரை எதிர்த்து எழுந்த 1680 கிளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மதத்தில் தொடங்கி மதத்திலேயே முடிக்கிறார்கள். சடங்கில் அணியும் கச்சினா முகமூடிகளை எரித்தது, மந்திரவாதிகள் என்று சொல்லிப் பெரியவர்களைத் தூக்கிலிட்டது, கிளர்ச்சித் தலைவர் போபேயின் முடிச்சுக் கயிறு. எல்லாம் நடந்தவைதான், எதையும் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த மதக்கொடுமை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்தது. ஊர்கள் ஏன் 1680-ல் ஒன்றாக எழுந்தன என்பதற்கு அதில் மட்டும் பதில் கிடைக்காது. பதில் களஞ்சியத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. (இங்கே சோளம் என்று வருவதெல்லாம் மக்காச்சோளம்.)

முதலில் அந்த 30,000-ஐச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஃபனேகா என்பது கொள்ளளவு. இடத்துக்கு இடம் மாறும். மெக்சிகோவில் ஏறக்குறைய 90 லிட்டர், உதிர்த்த சோளமாக நிறுத்தால் 60 கிலோவுக்குச் சற்று மேல். பேக்கோஸில் அப்போது இரண்டாயிரம் பேர் இருந்தார்கள் என்று கொண்டால், தலைக்கு 900 கிலோ வருகிறது. படைவீரர்களின் கண்மதிப்பு இது; பசியோடு வந்தவர்களின் கண்ணும்கூட. பாதியாகக் குறைப்போம். அப்போதும் தலைக்கு 450 கிலோ. நாளுக்கு அரைக் கிலோ என்றால் இரண்டரை ஆண்டுச் சாப்பாடு. அந்தச் சோளத்தில் இரண்டு மூன்று ஆண்டுப் பழசும் இருந்ததாக அதே குறிப்பு சொல்கிறது. கணக்கு பொருந்துகிறது. ஆகவே அந்த எண் மிகை என்றாலும் கட்டுக்கதை இல்லை.

இவ்வளவு சேர்த்து வைத்ததற்குக் காரணம் செழிப்பு இல்லை, பயம். பேக்கோஸ் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில். உறைபனி விழாத காலம் நாலு, நாலரை மாதம்தான். சோளம் முளைத்துக் கதிர் முற்ற அது மட்டுமட்டாகப் போதும். மழை ஆண்டுக்கு 350 மில்லிமீட்டரைச் சுற்றி. செப்டம்பரில் ஒரு பனி முன்கூட்டி விழுந்தால் கதிர் பால் பிடித்த நிலையிலேயே போய்விடும். ஜூலை மழை தவறினால் கதிரே வராது. இப்படி ஒரு கெட்ட ஆண்டு வருவது வழக்கம், இரண்டு சேர்ந்து வருவதும் உண்டு. அதனால் அறுவடையானதும் கதிர்களை மாடியில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, தெருப்பக்கம் வாசலே இல்லாத கீழ்த்தள உள்ளறைகளுக்குக் கூரைத் துளை வழியாக ஏணியில் இறக்குவார்கள். அங்கே கதிர்கள் நிறம் பிரித்து, சுவர் கட்டுவதுபோல அடுக்கடுக்காக ஏறும். உதிர்க்காமல் கதிரோடு வைத்தால் இடையில் காற்றுப் போகும், பூஞ்சை பிடித்த கதிர் கண்ணில் படும். பழசை முதலில் எடுத்து உண்டு புதுசை வைப்பார்கள். ஒரு குடும்பத்தின் மூன்று ஆண்டு வானிலை அந்த இருட்டறையில் அடுக்கப்பட்டிருந்தது என்று சொல்லலாம்.

சேமிப்பு பசிக்கு மட்டும் இல்லை. மிஞ்சிய சோளம்தான் பேக்கோஸும் தெற்கே சலினாஸ் ஊர்களும் சமவெளி மக்களோடு நடத்திய பண்டமாற்றின் முதல். அப்பாச்சிகள் காட்டெருமை இறைச்சியும் தோலும் கொழுப்பும் கொண்டுவருவார்கள். சோளமும் பருத்தித் துணியும் கொண்டுபோவார்கள். சண்டையும் இருந்தது, சந்தையும் இருந்தது. இரண்டில் சந்தை மேலோங்கி நிற்க உபரி வேண்டும்.

முதல் குளிர்காலம்

1598-ல் ஸ்பானியக் குடியேற்றத்துக்குத் தலைமை ஏற்ற ஹுவான் டி ஒன்யாத்தே ஆயிரக்கணக்கான கால்நடைகளோடும் எண்பதுக்கு மேற்பட்ட வண்டிகளோடும் வந்து ஓகே ஓவிங்கே என்ற புவேப்ளோ ஊரில் இறங்கினார். விதைக்கும் பருவம் கடந்துவிட்டது. வந்தவர்கள் முதல் குளிர்காலத்தை யாருடைய சோளத்தில் கழிக்க வேண்டும் என்பதைப் பஞ்சாங்கமே முடிவு செய்துவிட்டது. கேட்டு வாங்கினார்கள், கொடுக்காதபோது பிடுங்கினார்கள். குன்றின்மேல் இருந்த அக்கோமா ஊரில் நடந்ததற்கும் தொடக்கம் இதுதான்: 1598 டிசம்பரில் ஒன்யாத்தேயின் படைத்தலைவர் ஹுவான் டி சல்தீவர் அந்தக் குன்றின்மேல் ஏறியது உணவு கேட்டு. அவரும் அவருடைய ஆட்கள் பத்துப் பேருக்கு மேலும் அங்கே கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் அவர் தம்பி விசெந்தே எழுபது வீரர்களோடு வந்து பழிதீர்த்தார். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பிடிபட்டவர்களில் 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டி இருபது ஆண்டு அடிமை வேலை என்று ஒன்யாத்தே தீர்ப்பெழுதினார். அப்படித் தண்டிக்கப்பட்டவர்கள் 24 பேர். இந்தப் பாதங்களைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது, பேசப்படத்தான் வேண்டும். ஆனால் சல்தீவர் எதற்காக அந்தக் குன்றில் ஏறினார் என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

1601-ல் துறவி ஹுவான் டி எஸ்கலோனா வைஸ்ராய்க்கே எழுதிவிட்டார்: மக்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த சோளத்தை நம் ஆட்கள் கொள்ளையிட்டுத் தீர்த்துவிட்டார்கள், ஊர் பட்டினியில் கிடக்கிறது என்று. ஒன்யாத்தே சமவெளியில் தங்க நகரம் தேடிப்போயிருந்த அந்த நேரத்தில், குடியேறியவர்களில் பெரும்பகுதியினர் தங்கள் குடியிருப்பான சான் கபிரியேலை விட்டு மெக்சிகோ பக்கமே நடையைக் கட்டினார்கள்.

வீட்டுக்கு ஒன்று

1610-ல் தலைநகரமாகச் சாண்டா ஃபே உருவான பிறகு பிடுங்கல் முறைப்படுத்தப்பட்டது. அதற்குப் பெயர் என்கொமியெந்தா. நியூ மெக்சிகோவில் அதை அனுபவிக்க 35 பேருக்குத்தான் உரிமை. ஒவ்வொருவருக்கும் ஓர் ஊரோ, ஊரில் ஒரு பங்கோ ஒதுக்கப்படும். அங்குள்ள ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு ஒரு ஃபனேகா சோளமும், ஒரு பருத்திப் போர்வைத்துணியோ பதப்படுத்திய தோலோ கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் பதிலுக்குச் சொந்தக் குதிரையும் ஆயுதமும் வைத்துக்கொண்டு, ஆளுநர் கூப்பிட்டபோது சண்டைக்கு வர வேண்டும். அரசுச் சம்பளம் வாங்கும் படை அங்கே கிடையாது. அந்தச் சோளம்தான் படை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு ஆண்டுக்கு 900 கிலோ சோளம் வேண்டும் என்றால், ஒரு ஃபனேகா என்பது ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்குதானே, அதனாலா பஞ்சம் வந்தது? அதனால் மட்டும் இல்லை. ஆனால் அந்த வரி எதிலிருந்து போகிறது என்று பார்க்க வேண்டும். வாய்க்குப் போகும் சோளத்திலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். உள்ளறையில் அடுக்குவதிலிருந்துதான் போகும். நல்ல ஆண்டில் தேவைக்கு மேல் மூன்று ஃபனேகா விளைந்தது என்றால், சேமிப்பின் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மேலும் அது விளைச்சலில் பங்கு இல்லை, நிலையான அளவு. பனி விழுந்தாலும் ஒன்று, மழை பொய்த்தாலும் ஒன்று. மக்கள் ஒரே வீட்டில் நெருக்கி வாழ்ந்து வீட்டு எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள் என்று கண்டதும், 1640-களில் வரியை வீட்டுக்கு என்பதிலிருந்து ஆளுக்கு என்று மாற்றினார்கள். அந்த மாற்றம் எனக்கு மிகக் கொடுமையாகப் படுகிறது, ஏனென்றால் அது வந்தது ஊர்களைக் கொள்ளைநோய் பாதியாக்கிக்கொண்டிருந்த காலத்தில். செத்தவனின் வயலில் யார் விதைப்பது?

இதன் மேல் உழைப்பு. துறவிகள் மதம் பரப்பத் தங்கிய மிஷன் ஊர்களில் துறவிக்கு வயல், மந்தை, தோட்டம், சமையல், விறகு. தேவாலயம் கட்ட ஆள். பேக்கோஸில் 1625 வாக்கில் முடிந்த தேவாலயத்துக்கு மட்டும் மூன்று லட்சம் மண்கற்கள். ஒவ்வொன்றும் சுமார் 18 கிலோ. மண் வெட்டி, வைக்கோல் கலந்து மிதித்து, அச்சில் அடித்து, திருப்பிப்போட்டுக் காயவைத்துச் சுமப்பது எல்லாம் பனியில்லாத மாதங்களில்தான் முடியும். சோளம் விளைவதும் அதே மாதங்களில். ஸ்பானியருக்கு வேண்டிய கோதுமை இன்னொரு சிக்கல்: சோளம் விதைக்க ஆள் தேவைப்படும் வசந்தத்தில் அதற்குத் தண்ணீர் கட்ட வேண்டும், சோளத்துக்குக் களை எடுக்கும் ஜூலையில் அதை அறுக்க வேண்டும். ஸ்பானியரின் மாடும் குதிரையும் வேலியில்லாத சோள வயல்களில் புகுந்தன. ஆளுநர்களோ மூன்றாண்டுப் பதவிக்குள் போட்ட பணத்தை எடுக்கத் துடித்தார்கள்: போர்வை நெய்ய வைத்தார்கள், பைன் கொட்டை பொறுக்க வைத்தார்கள், பர்ரால் வெள்ளிச் சுரங்கத்துக்காகச் சலினாஸ் ஏரி உப்பை மனிதர் முதுகில் சுமக்க வைத்தார்கள்.

ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. மிஷன் களஞ்சியமும் பஞ்சத்தில் ஊருக்குச் சோறு போட்டது. ஓரிடத்துத் துறவி இன்னோரிடத்துக்குத் தானியம் அனுப்பியிருக்கிறார். அதை நல்லெண்ணம் என்று ஏற்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் வீட்டு உள்ளறையில் இருந்த சாவி துறவியின் இடுப்புக்குப் போய்விட்டது என்பதும் அதே ஏற்பாட்டின் விளைவு.

மெக்சிகோவிலிருந்து வந்த உதவிப் பொருளாலும் இந்தக் குறை தீராது. 1631 ஒப்பந்தப்படி மூன்றாண்டுக்கு ஒருமுறை 32 வண்டிகள் புறப்படும். ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கோவேறு கழுதைகள், இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான பாரம். போக ஆறு மாதம், பங்கிட ஆறு மாதம், திரும்ப ஆறு மாதம். வழியில் தண்ணீரே இல்லாத ஹோர்னாதா டெல் முயெர்த்தோ ஏறக்குறைய 145 கிலோமீட்டர். ஒயின், மெழுகு, விளக்குக்கான எண்ணெய், இரும்பு, துணி, காகிதம் வரும். சோளத்தை ஆறு மாதத் தூரம் ஏற்றினால் இழுக்கும் கழுதைகளே தின்று தீர்த்துவிடும். திரும்பும் வண்டிகளில் ஆளுநரின் போர்வையும் தோலும் பைன் கொட்டையும் ஏறின.

1668

இப்படி அடுக்கு இறங்கி இறங்கி, 1660-களின் நடுவில் வறட்சி வந்தபோது உள்ளறைகள் காலியாக இருந்தன. திருப்பம் எது என்று கேட்டால் நான் 1680-ஐச் சொல்ல மாட்டேன், 1668-ஐத்தான் சொல்வேன். பெர்னால் கடிதம் அந்த ஆண்டைப் பற்றியது. மூன்று ஆண்டாக அறுவடை இல்லை. மக்கள் சாலையோரத்திலும் ஓடைப் பள்ளங்களிலும் குடிசைகளிலும் செத்துக் கிடந்தார்கள். லாஸ் ஹுமானாஸ் என்ற ஒரே ஊரில் 450 பேருக்கு மேல் பட்டினியில் போனார்கள். ஸ்பானியர் இரண்டு ஆண்டாக, வீட்டில் உட்கார விரித்திருந்த மாட்டுத்தோலை வாட்டித் தின்று உயிர் வைத்திருந்தார்கள். இனி அந்தத் தோலும் கிடைக்காது, மந்தைகளும் சாகின்றன என்று அவர் கலங்குகிறார்.

ஹுமானாஸை இன்று கிரான் கிவிரா என்கிறார்கள். ஆறில்லாத மேட்டுநிலம், மழையையும் கிணற்றையும் நம்பிய ஊர். அங்கே அப்போது ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் தேவாலயத்தின் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சத்துக்குப் பத்து ஆண்டுக்குள் தொடங்கிய வேலை அது. தண்ணீர் எப்போதும் பற்றாத ஊரில் சாந்து குழைக்கவும் தண்ணீர் வேண்டும். அந்தச் சுவர்கள் இப்போதும் கூரையில்லாமல் நிற்கின்றன.

சோளம் போனதோடு சந்தையும் போயிற்று. வறட்சி அப்பாச்சிகளையும்தான் அடித்தது. மாற்றிக்கொள்ள ஊரில் ஒன்றும் இல்லை. போதாதற்கு ஸ்பானியர் அவர்களைப் பிடித்துச் சுரங்கத்துக்கு அடிமைகளாக விற்றுவந்தார்கள். பண்டமாற்றுக்கு வந்தவர்கள் கொள்ளைக்கு வந்தார்கள். 1671-ல் கொள்ளைநோய், அடுத்து தாக்குதல்கள். 1670-கள் முடிவதற்குள் சலினாஸ் ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின, ஹுமானாஸ் உட்பட.

ஆட்சிக்கு இரண்டு நியாயங்கள் சொல்லப்பட்டன: புதிய கடவுள் மழையைத் தருவார், வரி வாங்குகிறவர் எதிரியிடமிருந்து காப்பார். நான்கைந்து ஆண்டில் இரண்டும் மக்கள் கண்ணெதிரே விழுந்தன. எனவே பழைய சடங்குகளுக்குத் திரும்பியதை வெறும் மதப்பற்று என்று நான் பார்க்கவில்லை. கச்சினா ஆட்டம் மழைக்கானது. 1661-ல் துறவி அலோன்சோ டி போசாதா 1,600 முகமூடிகளையும் சடங்குப் பொருள்களையும் எரிக்க வைத்தார். ஐந்தாறு ஆண்டில் மழை நின்றது. அந்த இரண்டையும் ஒரு விவசாயி எப்படிச் சேர்த்துப் பார்த்திருப்பான்?

1675-ல் ஆளுநர் த்ரேவின்யோ 47 பெரியவர்களைச் சூனியக் குற்றம் சாட்டிக் கைது செய்தார். மூவரைத் தூக்கிலிட்டார், ஒருவர் தாமே தூக்கிட்டுக்கொண்டார், மற்றவர்களுக்குச் சவுக்கடி. ஆனால் படைவீரர்கள் அப்பாச்சிகளைத் துரத்த வெளியே போயிருந்தார்கள். தேவா மொழி பேசும் புவேப்ளோ வீரர்கள் எழுபது பேர் ஆயுதத்தோடு சாண்டா ஃபேயில் ஆளுநரின் அறைக்கே வந்து, விடுகிறீர்களா இல்லையா என்று நின்றார்கள். விட்டார். விடப்பட்டவர்களில் போபேயும் ஒருவர். 35 பேர் படை எவ்வளவு மெல்லியது என்பது அன்றைக்கு வெளிச்சமாயிற்று.

ஆகஸ்ட் 1680

அதற்குப் பின் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. தாவோஸ் என்ற புவேப்ளோ ஊரில் திட்டமிட்டார்கள். கற்றாழை நாரில் நாள் எண்ண முடிச்சுப் போட்ட கயிறு ஊர் ஊராக ஓடியது. தேசுக்கே ஊரைச் சேர்ந்த இரண்டு தூதுவர்கள் ஆகஸ்ட் 9-ல் பிடிபட்டதால் 11-ம் தேதிக்குக் குறித்தது 10-லேயே வெடித்தது. சுமார் 400 ஸ்பானியர் மடிந்தார்கள், அவர்களில் 21 பேர் துறவிகள்.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். மூன்றாண்டு வண்டி வரிசை சாண்டா ஃபே வந்து சேர்வதற்கு முன், கையிருப்பு மிகக் குறைவான வாரங்கள் அவை. துறவி ஃப்ரான்சிஸ்கோ டி ஐயேத்தாவின் வண்டிகள் தெற்கே எல் பாசோவில் ஆற்று வெள்ளத்தால் தடைபட்டு நின்றன. சாண்டா ஃபேயில் ஆளுநர் ஒத்தெர்மின் ஏறக்குறைய ஆயிரம் பேரோடு அரசுக் கட்டடத்துக்குள் அடைபட்டார். கிளர்ச்சிக்காரர்கள் செய்த சரியான காரியம் வாய்க்காலை வெட்டிவிட்டது. உள்ளே தண்ணீரின்றி விலங்குகள் விழுந்தன. ஆகஸ்ட் 20-ல் வெளியே பாய்ந்து சண்டையிட்டு, பிடித்த 47 பேரைக் கொன்று, மறுநாள் ஊரை விட்டு வெளியேறினார்கள். தெற்கே வந்துசேர்ந்த ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு ஐயேத்தாவின் வண்டிகளில் இருந்ததுதான் சோறு. அவரே ஒரு வண்டியில் ஏறி ஆற்றைக் கடக்க முயன்று வெள்ளத்தில் சிக்கி, நீந்தத் தெரிந்தவர்களால் கரைசேர்ந்தார்.

1681-ல் பெத்ரோ நரான்ஹோ என்ற எண்பது வயது முதியவரின் வாக்குமூலம் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பத்திரம். ஸ்பானிய விதைகளை எரித்துவிட்டுச் சோளமும் பயறும் மட்டும் விதையுங்கள் என்று போபே கட்டளையிட்டாராம். ஞானஸ்நானத்தைக் கழுவ ஆற்றில் குளித்தார்கள், மனைவியரை விட்டார்கள், தேவாலயங்களை எரித்தார்கள். விதை விஷயத்தில் மட்டும் சிலர் கேட்கவில்லை. ஸ்பானியர்மேல் பாசம் என்று வாக்குமூலம் காரணம் சொல்கிறது. கேள்வி கேட்டது ஸ்பானியர் என்பதை மறக்க வேண்டாம். பஞ்சம் பார்த்த விவசாயி ஜூலையில் அறுக்கக்கூடிய இன்னொரு தானியத்தைத் தூக்கி எறிய மாட்டான் என்பதே என் ஊகம்.

1693 டிசம்பரில் புதிய ஆளுநர் தியேகோ டி வார்காஸ் குடியேறுபவர்களோடு திரும்பியபோது, அவர்கள் சாண்டா ஃபே சுவருக்கு வெளியே பனியில் கூடாரமடித்தார்கள். சோளம் சுவருக்கு உள்ளே. இருபதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், குளிரில் இறந்தபின் ஊரைத் தாக்கிப் பிடித்தார்கள். எழுபது பேரைக் கொன்றார்கள், நானூறு பேரை ஏவலாட்களாகப் பங்கிட்டார்கள், களஞ்சியங்களைத் திறந்தார்கள். 1694 முழுவதும் அவர் மேட்டுக் கோட்டைகள்மேல் படையெடுத்தபோது கொண்டுவந்த கொள்ளையில் முக்கியமானது சோளம்தான். ஒன்யாத்தேயின் முதல் குளிர்காலம் மறுபடி நடந்தது.

ஆனால் ஒன்று திரும்பவில்லை. 1696-ல் இன்னொரு கிளர்ச்சி நடந்து ஐந்து துறவிகளும் 21 ஸ்பானியரும் கொல்லப்பட்ட பிறகும், நியூ மெக்சிகோவில் என்கொமியெந்தா மறுபடி நடைமுறைக்கு வரவே இல்லை. சாண்டா ஃபேயில் அரசுச் சம்பளம் வாங்கும் படை வைக்கப்பட்டது. வார்காஸுக்கே ஒரு பெரிய என்கொமியெந்தா காகிதத்தில் தரப்பட்டது, அவர் வசூலிக்கவில்லை. கட்டாய வேலை தொடர்ந்தது, குறைந்த விலைக்குச் சோளம் கேட்பதும் தொடர்ந்தது, 18-ம் நூற்றாண்டு முழுக்க அதற்கான முறையீடுகள் உண்டு. ஆனால் ஊருக்குள் வந்து தலை எண்ணி, விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஆளுக்கு இத்தனை என்று அளந்து போகும் உரிமையை யாரும் பிறகு பயன்படுத்தவில்லை. கிளர்ச்சி தோற்றது, பன்னிரண்டு ஆண்டுதான் நின்றது என்று எழுதுகிறவர்கள் இந்த வரியை ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.